நரம்புக்கு நாலு கேள்வி

உடப்புக் கரையில் வலை இழுப்பது கை. வலி மட்டும் ஏன் காலில் இறங்குகிறது?

இழுப்பது கை, தாங்குவது இடுப்பு. குனிந்து திரும்பி இழுக்கையில் முள்ளந்தண்டின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால், குற்றம் இடுப்பில், தண்டனை காலில். பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாகக் கீழே ஓடும் அந்த நரம்புதான் உடம்பிலேயே தடித்தது. அது கத்தினால் ஊருக்கே கேட்கும். வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டாலும் அடக்க முடியாது.

புத்தளம் உப்பளத்தில் மூட்டை சுமப்பவருக்கு இந்த வலி வந்தால் நியாயம். கதிரையில் இருக்கும் முதலாளிக்குமா?

நரம்புக்குச் சம்பளப் பட்டியல் வாசிக்கத் தெரியாதே! நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதும், தொந்தியும், சிகரெட்டும் இடைத்தட்டுக்கு மூட்டைதான்.

இந்த வலியின் காரணத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

1764இல் நேப்பிள்ஸ் மருத்துவர் கொட்டுன்யோ, வலிக்குக் காரணம் நரம்பு என்று எழுதினார். பிதுங்கிய இடைத்தட்டைக் கையும் களவுமாகப் பிடித்தது 1934இல், பொஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும். இடையில் 170 வருடம். நம் காணி வழக்குகள் எவ்வளவோ மேல்.

ஒரு மாதம் அசையாமல் படுத்தால் போய்விடுமா?

வேலைதான் போகும்! பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானே தணியும், முடிந்தவரை நடமாடுங்கள். ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டு உடனே சிலாபம் அல்லது புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.