பேராசிரியருக்குள் ஒரு போர்க்கப்பல்

சதுரங்கத்து யானை ஐரோப்பாவுக்குப் போய் பிஷப் ஆனபோது யாரும் அதன் சம்மதத்தைக் கேட்கவில்லை. விளையாட்டு விதிகள் ஊர் மாறும்போது நடக்கும் அக்கிரமங்களில் அதுதான் மூத்தது.

1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்ற கணக்கு வாத்தியாருக்கு 64 கட்டம் போதவில்லை. 1,617 கட்டம் போட்டு, பீரங்கிகளையும் உள்ளே இறக்கினார். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் அப்பாவும் மகனும் கட்டங்களையே கடாசிவிட்டார்கள். 1824இல் மகன் வெளியிட்ட விதிகளின்படி, ராணுவ வரைபடத்தின்மேல் படையை நகர்த்திப் பகடை உருட்ட வேண்டும். தளபதிகளுக்கு அது ஏகத்துக்கும் பிடித்துப்போக, தாயம் உருட்டுவது அதிகாரிகளின் பயிற்சியில் சேர்ந்துவிட்டது. அந்த மாதிரி உத்தியோகம் நமக்கெங்கே கிடைக்கிறது!

அடுத்த பெருங்குழப்பம் 1969இல், அமெரிக்காவின் மினசோட்டாவில். டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் ஆட்டம் ஒன்றைத் தயார் செய்தார். பிரௌன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஊர். படைகள் மோதும்வரை பொழுது போகட்டுமென்று, வந்தவர்களில் சிலரை ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆக்கினார். அவர்கள் போரை மறந்தே போனார்கள். மூலைக்கு மூலை ரகசியம் பேசினார்கள். இருவர் ஒண்டிக்கு ஒண்டி வாள்சண்டைக்குக் கிளம்பினார்கள். அதற்கு விதியே இல்லை. ஆட்டம் நாசமாகிவிட்டது என்று வெஸ்லி நொந்துபோனார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று நச்சரித்தார்கள்.

அந்தக் கூட்டத்து டேவ் ஆர்னிசன், பிளாக்மூர் என்று கோட்டையும் பாதாளமும் பூதங்களுமாக ஓர் உலகம் கட்டினார். கையில் இருந்ததோ கேரி கைகாக்ஸ் கூட்டாக எழுதிய ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிகள். அதில் வீரன் என்பவன் கும்பலில் ஒருவன். ஓர் அடி, ஆள் காலி. ஆனால் தன் வீரனுக்குப் பெயர் வைத்தவன் அவனைச் சும்மா சாகவிடுவானா? அழுகை தாங்காமல் ஆர்னிசன் தன் பழைய சரக்கைத் துழாவினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கப்பல்களுக்கு அவர் முன்பே விதி எழுதியிருந்தார். கவசத்துக்கு ஓர் எண், எத்தனை அடி தாங்கும் என்பதற்கு ஓர் எண். கப்பலிலிருந்து இரண்டையும் கழற்றி, வாளேந்தியவனுக்கு மாட்டிவிட்டார். இது அவரே பின்னாளில் சொன்ன கதை.

1974இல் ஆர்னிசனும் கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம் பத்து டாலர் விலையில் வந்தபோது அந்த எண்களும் கூடவே வந்தன. கவசமே இல்லாதவனுக்கு 9, இரும்புக் கவசமும் கேடயமும் உள்ளவனுக்கு 2. தலைகீழான இந்தக் கணக்கு நிமிர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு கைக்குக் கிடைத்த உலகத்துக்கெல்லாம் விதி தைத்தார்கள். 1975இல் கௌபாய்கள், 1978இல் அணுப் பேரழிவுக்குப் பிந்தைய பூமி. 1979இல் கைகாக்ஸ், மந்திரவாதியைத் துப்பாக்கிக்காரர்களின் ஊருக்கு மாற்றல் செய்யும் வழியையும் அச்சிட்டுக் கொடுத்தார். மறு வருடமே, மலைக்குள் விழுந்து கிடக்கும் விண்கலத்தில் வாள்வீரர்கள் ரோபோக்களோடு மல்லுக்கு நின்றார்கள்.

என் கணக்கில் ஒழுங்காகத் தைத்த சட்டை 1981இல் வந்த ‘கால் ஆஃப் கதுலு’ என்ற திகில் ஆட்டம்தான். சாண்டி பீட்டர்சன் ‘ரூன்குவெஸ்ட்’ என்ற வேறோர் ஆட்டத்தின் விதிகளை எடுத்துக்கொண்டு, மனத்தெளிவுக்கு ஓர் எண் சேர்த்தார். மற்ற ஆட்டங்களில் பூதத்தைக் கொன்றால் பலம் கூடும். இதில் பார்த்தாலே புத்தி கழன்றுகொள்ளும். அமானுஷ்ய நூல்களைப் படிக்கப் படிக்க அறிவு ஏறும், மனத்தெளிவின் உச்சவரம்பு இறங்கும். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதையும் விட்டுவைக்கவில்லை. 2000இல் டிராகன் ஆட்டத்தின் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். 2002இல் கதுலுவே அந்த அச்சில் வார்க்கப்பட்டது. நூலகத்தில் மூர்ச்சையாகி விழ வேண்டிய கதுலு ஆட்டத்து நோஞ்சான் பேராசிரியர் இப்போது லெவல் லெவலாக ஏறினார்; ஒவ்வொரு லெவலுக்கும் கூடுதலாகச் சில அடி தாங்கினார். கோட்டைத் திறந்து பார்த்திருந்தால், உள்ளே ஆர்னிசனின் இரும்புக் கப்பல் இருந்திருக்கும்.