எருமைக்குப் போன வீரன்

வாடா பேராண்டி, உக்காரு. நிக்கிறதுதான் தோதுன்னா நில்லு. பாலமேட்டு மாடு உன்னை எந்த இடத்துல பதம் பாத்துச்சுன்னு ஊருக்கே தெரியும்.

உங்க ஆத்தா அழுதுகிட்டுக் கெடக்கா. எனக்குச் சிரிப்பாணி தாங்கல. நம்பர் போட்ட பனியனோட வாடிவாசல்ல நின்னியே, மாட்டையா பாத்தே? கேமரா எந்தப் பக்கம்னு பாத்தே. மாடு உன்னைய மட்டுந்தான் பாத்துச்சு.

திமிலைப் பிடிச்சு மூணு துள்ளு தாங்குறது லேசுப்பட்ட காரியமில்ல, ஒத்துக்கிறேன். எனக்கும் விலாவுல தழும்பு இருக்கு. அது படியில வழுக்கினதுன்னு உங்க அப்பத்தா சொல்லுவா, நம்பாதே. ஆனா வீரம் வீரம்னு அலையுறதுல ஒரு ரகம் உண்டுய்யா. மூணு துள்ளுக்கு உசிரையே குடுப்பான். மூணு நாள் சேர்ந்தாப்புல சாணி அள்ளச் சொல்லு, இடுப்புப் பிடிச்சுக்கிடும். ரேசன் கடை வரிசையில நிக்கச் சொல்லு, கௌரவம் குறுக்க வந்து படுத்துக்கிடும். சாணி அள்ளுறவனுக்கு எவன் விசிலடிக்கிறான்?

விசிலுக்கு ஏங்காத வீரன் ஒருத்தனைச் சொல்றேன், கேளு. தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊரு. அங்கன ஒரு நடுகல்லு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துது. 1,300 வருசத்துக்கு மேல ஆச்சு. கருந்தேவக்கத்தின்னு ஒருத்தன் மந்தையைக் காக்கப் போயி செத்ததுக்கு நட்ட கல்லு. என்ன மந்தைங்கிறே? சீறிப் பாயுற காளையா? எருமைடா! கேலரி கிடையாது, பரிசா காரும் கிடையாது. எருமை போகுதேன்னு வயித்தெரிச்சல்ல ஓடியிருப்பான். கல்லு நடுவாங்கன்னு கணக்குப் போட்டா ஓடியிருப்பான்?

அந்தக் கல்லுல அவன் பின்னாடியே ஒரு நாயையும் செதுக்கியிருக்காங்க. கோவிவன்னு பேரோட வெட்டி வச்சிருக்கு. ரெண்டு கள்ளனைக் கடிச்சுட்டுக் காத்து நின்னுச்சாம். உம் பேரை எதுலடா வெட்டுறது? ஆஸ்பத்திரிச் சீட்டுலதான் எழுதியிருக்கு, அதுலயும் தப்பா.

ஏன் மொறைக்கிறே? அடுத்த தைக்கும் போ, நான் தடுக்கல. இப்ப நம்ம எருமை காலையிலருந்து தண்ணிக்குக் கத்துது. வாளி தூக்கக் கைக்கு ஒண்ணும் ஆகலையே? போயிக் காட்டிட்டு வா. கைதட்டுக்கு என்னைய எதிர்பாக்காதே, நான் தூங்கப் போறேன்.