தூக்குங்கோ பயிற்றுவிப்பாளரை!

இஷா தொழுதுவிட்டு வந்தால் ஒலுவில் தேநீர்க் கடையில் கிரிக்கட் சபை கூடும். 2023இல் இந்தியாவிடம் ஆசியக் கிண்ண இறுதியில் இலங்கை எடுத்தது 50 ஓட்டம், உலகக் கிண்ணத்தில் 55. "காக்கா, கோச் சில்வர்வுட்டைத் தூக்கணும்!" அடுத்த வருடம் அவராகவே போய்விட்டார். அவர் இடத்துக்குச் சனத் ஜயசூரிய வந்தார்; 2024 ஓகஸ்டில், 1997க்குப் பிறகு முதன்முறையாக, இந்தியாவுடனான ஒருநாள் தொடர் நமக்கு. அன்றிரவே அடுத்த உலகக் கிண்ணத்தையும் கடையிலேயே வென்றாயிற்று. தோற்றிருந்தால் சனத்தையும் தூக்கியிருப்பார்கள். மட்டை பிடித்தவர்கள் மட்டும் எப்போதும் "நம்மட புள்ளைகள்".

2013இல் திறந்த நம்மூர்த் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது, கரையைக் கடல் தின்றது. அதற்கு யாரைத் தூக்குவது என்று கேட்டேன்.

"தம்பி, அதுக்குக் கோச் இல்லயே!"