ஔரங்கசீப்பிடம் சம்பந்தம் பேசிய பாட்டி

மொகலாயர்கள் கோல்கொண்டா மேல் ஏன் படையெடுத்தார்கள் என்று கேட்டால் வைரம், கப்பப் பாக்கி, தக்காண அரசியல் என்று பெரிய பெரிய காரணங்கள் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் 1655-ல் நெருப்பு பற்றியது ஒரு கம்பளத்தில். கோல்கொண்டாவின் பெரிய மந்திரி மீர் ஜும்லாவின் பிள்ளை முகமது அமீன் முட்டக் குடித்துவிட்டு தர்பாருக்குள் தள்ளாடி வந்தான். சுல்தானின் சொந்தக் கம்பளத்தில் படுத்துத் தூங்கினான். அதோடு விட்டானா? அங்கேயே வாந்தியும் எடுத்தான்.

சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவுக்கு வந்ததே கோபம். பையனையும் குடும்பத்தையும் பிடித்து உள்ளே போட்டார். நியாயமான கோபம்தான். ஆனால் பையனின் அப்பா ஏற்கெனவே டெல்லியோடு ரகசியமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர். தென்னாட்டில் கண்டிக்கோட்டை வரை பிடித்து, தனி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தவர். நம் சென்னைப் பட்டணத்து வெள்ளைக்காரர்கள்கூட அப்போது கோல்கொண்டாவுக்குத்தான் சலாம் போட்டார்கள். அப்பேர்ப்பட்ட மீர் ஜும்லாவின் பிள்ளை சிறையில் என்றதும், தக்காண சுபேதாராக இருந்த ஔரங்கசீப்புக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. 1656 ஜனவரியில் தன் மூத்த மகன் முகமது சுல்தானை முன்னால் அனுப்பினார். அந்தப் பிள்ளையின் படை ஹைதராபாத்தை வழித்துத் துடைத்துக் கொள்ளையடித்தது. அப்துல்லா அதற்கு முன்பே கோல்கொண்டா கோட்டைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாற்பதைத் தாண்டிய சுல்தான் கதவுக்குப் பின்னால். வெளியே முற்றுகை. இந்த நிலையில் ஒரு ஆண்பிள்ளை செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்றுதான். அதை அப்துல்லா செய்தார்: அம்மாவை அனுப்பினார்.

அம்மா பெயர் ஹயாத் பக்ஷி பேகம். ஊர் முழுக்க 'மா சாஹிபா'. ஹைதராபாத்தை 1591-ல் உண்டாக்கிய முகமது குலி குதுப் ஷாவின் மகள். அப்பாவுக்குப் பட்டத்துக்கு ஆண் வாரிசு இல்லை. அதனால் அண்ணன் தம்பி வகையில் ஒரு பையனைப் பார்த்துக் கட்டிவைத்தார். 1612-ல் அப்பா போனதும் அந்த வீட்டுக்காரர் சுல்தான் முகமது பட்டத்துக்கு வந்தார். நல்ல மனிதர், பக்திமான். மெக்கா மசூதிக்கு அஸ்திவாரம் போட்டார். கட்டி முடிக்கத்தான் ஆயுசு இல்லை; 1626-ல் கண்ணை மூடிவிட்டார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. ஆக ராஜ்யத்தின் சாவிக்கொத்து அம்மாவின் இடுப்புக்கு வந்தது. பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகும் அது முழுசாகக் கை மாறவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். சுல்தானுக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பாட்டு, நாட்டியம், நாட்டியக்காரிகள் தாராமதி, பேமாமதி என்று அவருக்கு வேறு வேலைகள் இருந்தன.

இந்த அம்மா பிள்ளையை எப்படி வளர்த்தார் என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. சின்ன வயதில் அப்துல்லா ஏறியிருந்த யானைக்கு மதம் பிடித்து, பையனோடு காட்டுக்குள் ஓடிவிட்டதாம். மற்ற தாய்மார் அழுது புரண்டிருப்பார்கள். மா சாஹிபா மரக்கிளைகளில் சாப்பாட்டு மூட்டைகளைக் கட்டித் தொங்கவிடச் சொன்னாராம், யானை அந்தப் பக்கம் போனால் பிள்ளை எட்டி எடுத்துச் சாப்பிடட்டும் என்று. யானை எக்கேடு கெடட்டும், குழந்தை பசியாக இருக்கக் கூடாது! பிள்ளை பத்திரமாகத் திரும்பினால் யானைச் சங்கிலி கனத்துக்குப் பொன் சங்கிலி செய்து தானம் தருவதாக வேண்டிக்கொண்டார். பிள்ளை திரும்பி வந்தான். சங்கிலியைச் சுமந்து ஊர்வலமாக ஹுசைனி ஆலம் என்ற இடம் வரை போய், துண்டு துண்டாக்கி ஏழைகளுக்குக் கொடுத்தாராம். முஹர்ரம் மாதத்து 'லங்கர்' ஊர்வலம் அதிலிருந்து வந்தது என்பார்கள். குதுப் ஷாஹிகள் போய் நிஜாம்கள் வந்த பிறகும் அது நடந்தது.

இப்போது 1656-க்கு வருவோம். அறுபதைத் தாண்டிய பாட்டி, முற்றுகை போட்டிருக்கும் படையின் நடுவே ஔரங்கசீப்பின் கூடாரத்துக்கே போனார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை வாசலில் நின்று கேட்டவர் யாரும் எழுதிவைக்கவில்லை. பேசி முடித்தது மட்டும் தெரியும்: ஒரு கோடி ரூபாய், கூடவே அப்துல்லாவின் இரண்டாவது மகளை முகமது சுல்தானுக்குக் கொடுப்பது. நம் வீடுகளில் பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போய்க் கடிதம் போடுவோம் என்பார்கள். இந்த மாப்பிள்ளை பெண் வீட்டை ஜனவரியிலேயே கொள்ளையடித்துவிட்டு ஏப்ரலில் கல்யாணம் பண்ணிக்கொண்டான். அதுவும் நேரில் வரவில்லை. தனக்குப் பதில் ஒரு ஆளை வைத்து நிக்காஹ் முடிந்தது. பெண்ணை ஒரு வாரம் கழித்துப் பாசறையில் கொண்டுபோய் விட்டார்கள்.

ஔரங்கசீப்பின் அண்ணன் தாரா ஷுகோ டெல்லியில் உட்கார்ந்து அப்பா காதில் ஓத, ஷாஜஹானிடமிருந்து முற்றுகையை எடு என்று உத்தரவு வந்தது. ஒரு கோடியிலும் கொஞ்சம் தள்ளுபடி கிடைத்தது. வாந்தி எடுத்த முகமது அமீன்? அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவும் பிள்ளையும் மொகலாய தர்பாரில் சேர்ந்து பெரிய பதவிகளுக்குப் போனார்கள். அங்கே கம்பளத்தைத் தள்ளி விரித்தார்களா என்று தெரியவில்லை.

மாமனாருக்குப் பிறகு கோல்கொண்டா மாப்பிள்ளை முகமது சுல்தானுக்குத்தான் என்று ஔரங்கசீப் தனியாக ஒரு வாக்கும் வாங்கிவைத்திருந்தார். ஆனால் மாப்பிள்ளை 1659-ல் வங்காளத்தில் அப்பாவை விட்டுவிட்டுச் பெரியப்பா ஷுஜா பக்கம் தாவினான். அவர் மகளையும் கட்டிக்கொண்டான். அடுத்த வருஷமே திரும்பி வந்தவனை அப்பா கட்டித் தழுவவில்லை, சிறையில் போட்டார். 1676-ல் கைதியாகவே செத்தான்.

மா சாஹிபா 1667-ல் காலமானார். கடைசிப் பேத்தியைக் கட்டிக்கொடுத்த விதம் இன்னும் வேடிக்கை. நிச்சயித்த மாப்பிள்ளைக்கும் மூத்த மாப்பிள்ளைக்கும் சண்டை. மூத்த மாப்பிள்ளை பிடிவாதம் பிடிக்க, கல்யாணம் நின்றது. தர்காவில் ஷா ராஜு என்ற பெரியவரிடம் சீடனாகக் கிடந்த அபுல் ஹசனை இழுத்து வந்து மாப்பிள்ளையாக்கினார்கள். 1672-ல் அப்துல்லா இறந்ததும் அவரே சுல்தான் ஆனார். தானா ஷா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

அவரிடமிருந்துதான் ஔரங்கசீப் 1687-ல், எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு, கோல்கொண்டாவைப் பிடுங்கினார். அதாவது பெண் கொடுத்த வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டார். பிடிக்க வந்த மொகலாய அதிகாரிகளைப் பார்த்துத் தானா ஷா பதறவில்லை, உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று உபசரித்தார் என்பது அங்கே சொல்லும் கதை. சம்பந்தி வீட்டுக்காரர்கள் சாப்பிடும் நேரத்துக்கு வந்தால் வேறு என்ன சொல்வது! பாட்டி வீட்டுக்காரர் அரைகுறையாக விட்டுப்போன மெக்கா மசூதியை ஔரங்கசீப்தான் 1694-ல் முடித்துவைத்தார். சம்பந்தி என்ற முறைக்கு அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஹைதராபாத்தில் மா சாஹிபா இன்றும் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மா சாஹிபா குளம்தான் மாசாப் டேங்க். தண்ணீர் போய்ப் பூங்காவும் மேம்பாலமும் வந்துவிட்டன. விஜயவாடா சாலையில் இருக்கும் ஹயாத்நகர் அவர் பெயர்தான். அங்கே அவர் பேரில் ஒரு மசூதியும், பக்கத்தில் யானை கட்டித் தண்ணீர் இறைத்த பெரிய கிணறும் உண்டு. கோல்கொண்டா கோட்டைக்குக் கிட்டே, குதுப் ஷாஹி சமாதித் தோட்டத்தில், அப்பாவும் வீட்டுக்காரரும் இருக்கும் இடத்திலேயே, சுல்தான்கள் அளவுக்கே பெரிய மாடத்தில் படுத்திருக்கிறார். தாராமதியும் பேமாமதியும்கூட அங்கேதான். பிள்ளையின் சினேகிதிகளைப் பற்றி மா சாஹிபா என்ன நினைத்தாரோ, இத்தனை வருஷமாக ஒரே வளாகத்தில்தான் குடித்தனம்.