ஜெட்டை இறக்கி வை, பேராண்டி

வா பேராண்டி, உக்காரு. பெட்டியைப் பாத்தாலே தெரியுது, பெரிய சாமான்தான். என்னது, சுகோய் ஜெட் மாடலா? அப்படிப் போடு! ரெக்கை ரெண்டும் பின்னால சரிஞ்சு, மூக்கு கூரா, வாலுல ரெண்டு துடுப்பு வேற. இதுவரைக்கும் ஒரு பிளேனையும் பறக்கவிடாத ஆளு மொதமொதல்ல வாங்க வேண்டியது இதைத்தான். கண்மாய்க்குள்ள வேலிக்கருவை மேல மாட்டிக்கிட்டா, கலரு தூரத்துல இருந்தே பளிச்சுன்னு தெரியும். தேடுற வேலை மிச்சம்.

பம்புசெட்டு மோட்டார் கட்டுற கெழவனுக்கு ஏரோபிளேனைப் பத்தி என்ன தெரியும்னு உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு. நியாயந்தான். ஆனா ஞாயித்துக்கிழமையானா காலேஜ் பயலுக இந்தக் கண்மாய்க்குள்ள பறக்கவிட வர்றானுக, ஒடைச்சுட்டு என் பட்டறைக்கு வர்றானுக. எது எப்படி ஒடையுதுன்னு பாத்துப் பாத்தே, எப்படிப் பறக்கும்கிறது வெளங்கிப்போச்சு. உன் சுகோய் மாதிரி சாமான் எப்பவும் மூக்கு நசுங்கித்தான் வரும். பழகுறதுக்குன்னே இருக்கிற டிரெய்னர் பிளேன் பெரும்பாலும் ப்ரொப்பெல்லர் மட்டும் ஒடஞ்சு வரும்.

டிரெய்னரைப் பாத்திருக்கியா? பாக்கவே சகிக்காது. ரெக்கை ஒடம்புக்கு மேல ஒக்காந்திருக்கும். ரெண்டு நுனியும் லேசாத் தூக்கியிருக்கும். ரெக்கையோட அடிப்பக்கம் சப்பட்டை. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டா ஒரு பய லைக் போடமாட்டான். ஆனா அது ஒரு பக்கம் சாஞ்சுச்சுன்னு வையி, சாஞ்ச பக்கத்து ரெக்கைக்குக் காத்து கூடத் தூக்கல் குடுத்து, அதுவாவே நிமிந்துக்கிடும். நுனியைத் தூக்கி வெச்சதே அதுக்குத்தான். நீ ஸ்டிக்கை விட்டுட்டு மூக்கைச் சொறிஞ்சாக்கூட அது பாட்டுக்குப் பறக்கும். உன் ஜெட்டு அப்படி இல்ல. ரொம்ப மரியாதைக்காரப் பிளேன். நீ என்ன தப்புச் சொன்னாலும் மறுபேச்சு இல்லாம அப்படியே செய்யும்.

இதைத்தான் காலேஜ் பயலுகளுக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது: பறக்குறது பிளேனோட வேலை. உன் வேலை அதைக் கெடுக்காம இருக்கிறது. ஆனா கையில ரிமோட்டு வந்துட்டா ஒருத்தனாலயும் சும்மா இருக்க முடியல.

சரி, மோட்டாரைக் காட்டு. 1000 கேவின்னு போட்டிருக்கா? கரண்டு மரத்துல வர்ற ஆயிரம் வோல்ட்டுன்னு நெனச்சு ஓடுனான் ஒரு பய. அது வோல்ட்டு இல்லடா. சும்மா சுத்தவிட்டா, ஒரு வோல்ட்டுக்கு நிமிசத்துக்கு 1000 சுத்து. உன் மூணு செல் லிப்போ பேட்டரி 11.1 வோல்ட்டு. கணக்குப் போடு, பதினோராயிரம் சுத்து. ப்ரொப்பெல்லரை மாட்டுனா கொறையும், ஆனா வெரலை வெட்டுறதுக்கு அது போதும். அதனால மொதல்ல ரிமோட்டை ஆன் பண்ணு, த்ராட்டில் அடியில இருக்கான்னு பாரு, அப்புறந்தான் பேட்டரியைச் சொருகணும். எடுக்கும்போது பேட்டரி மொதல்ல, ரிமோட்டு கடைசியில. இதை மாத்திச் செஞ்சவன் வெரல்ல கட்டுப் போட்டுக்கிட்டு என் பட்டறை வாசல்ல நின்னுருக்கான்.

பறக்கவிடுறதுக்கு முன்னாடி பிளேனுக்குப் பின்னால போயி நில்லு. முன்னால நிக்காத, எடது வலது கொழம்பிப்போகும். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளு. வலது ரெக்கையோட பின்விளிம்புல இருக்கிற மடிப்பு, எய்லரான்ங்கிறது, மேல தூக்கணும், எடதுது கீழ எறங்கணும். ஸ்டிக்கை உன் பக்கமா இழுத்தா வாலுல இருக்கிற எலிவேட்டர் மேல தூக்கணும். தலைகீழா ஆடுச்சுன்னா, அதை ஆட்டுற சர்வோவை ரிமோட்டுல ரிவர்ஸ் பண்ணிக்கோ. இதைப் பாக்க அரை நிமிசம் ஆகாது. ஆனா பாக்கமாட்டீங்க. மேல போனப்புறம் பிளேனே சொல்லிக்குடுக்கும்னு தைரியம்.

அடுத்தது எடைச் சமன், பயலுக சிஜிங்கிறானுக. ரெண்டு ஆள்காட்டி வெரலையும் ரெக்கைக்கு அடியில குடுத்துப் பிளேனைத் தூக்கு. ரெக்கையோட முன்விளிம்புல இருந்து கால்வாசிக்கும் மூணுல ஒரு பங்குக்கும் நடுவுல வெரல் இருக்கும்போது அது சமமா நிக்கணும். ரெக்கை 20 சென்டிமீட்டர் அகலம்னா, 5 முதல் ஆறரை சென்டிமீட்டருக்குள்ள. வாலு தாழ்ந்தா பேட்டரியை முன்னால தள்ளு. மூக்கு கனமான பிளேன் மொண்டி பண்ணிக்கிட்டாவது பறக்கும். வாலு கனமானது ஒரே ஒரு தடவைதான் பறக்கும்.

காத்தைப் பாக்கணும். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தூவு, எங்க போகுதுன்னு பாரு, அதுக்கு எதிரா நின்னு விடு. வெள்ளன ஆறு மணிக்கு வா, காத்து தூங்கிக்கிட்டிருக்கும். ஆடி மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து நிப்பே நீ. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்கிறாங்க, உன் தெர்மாகோலுக்கு மோட்டார் எதுக்கு? மோட்டாரைக் கழட்டி என்கிட்டக் குடுத்துரு. பருந்து வட்டம் போட்டுச்சுன்னாலும் எறக்கிரு. கூடு கட்டுற காலத்துல அது உன் பிளேனைச் சம்பந்தி வீட்டு ஆளுன்னு நெனைக்காது.

மேல போயாச்சா? எவ்வளவு உயரம்? ஒரு தப்புப் பண்ணி, அதைத் திருத்தப்போயி இன்னொரு தப்புப் பண்ணி, அப்பவும் தரை தட்டாத உயரம். அதுக்காக மேகத்துக்குள்ள அனுப்பாத. பச்சை மண்டலம்கிற எடத்துல 400 அடி வரைக்குந்தான் அனுமதி கேக்காமப் போகலாம். அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு கலர் போட்டு வெச்சிருக்கான், செல்லுல தொறந்து பாரு. ஏர்போர்ட்டு பக்கத்துல உன் ஜம்பத்தைக் காட்டாத.

போற வரைக்கும் சொகமா இருக்கும். திரும்பி உன்னைப் பாத்து வரும்போதுதான் கூத்து. அதோட எடது, உன் வலதாயிரும். வலப்பக்கம் சாயுதேன்னு எடப்பக்கம் தள்ளுவே, இன்னும் சாயும், இன்னும் தள்ளுவே, கதை முடிஞ்சது. ஒரு சூட்சுமம் சொல்றேன், காசு வேணாம். உன்னைப் பாத்து வரும்போது எந்தப் பக்கத்து ரெக்கை தாழுதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு. தாழ்ந்த ரெக்கைக்கு முட்டுக் குடுக்குறதா நெனச்சுக்கோ. நிமிந்துரும்.

இன்னொன்னு. பிளேன் எறங்குதுன்னா ஸ்டிக்கை இழுக்குறதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச வைத்தியம். மூக்கு தூக்கும், வேகம் கொறையும், மறுபடி எறங்கும், மறுபடி இழுப்பே. வேகம் போச்சுன்னா ரெக்கையைக் காத்து தாங்காது. சடார்னு ஒரு பக்கம் மடங்கி விழும். ஸ்டால்ங்கிறது அதான். த்ராட்டிலைக் கூட்டணும், ஸ்டிக்கை விடணும். விழுகுற பிளேனைப் பாத்துக்கிட்டு ஸ்டிக்கை விட மனசு வராது, தெரியும். எல்லா பயலுக்கும் அங்கதான் கையி நடுங்குது. தரையெறங்கத் திரும்பும்போது, தணிவா, மெதுவா, இழுத்துக்கிட்டே திரும்புறான் பாரு, என் பட்டறைக்கு வர்றதுல பாதிப்பேரு அவன்தான்.

அதுக்குத்தான் மாஸ்டர் ரிமோட்டோட உன் ரிமோட்டைச் சேத்துக் கட்டிப் பழகச் சொல்றது. டிரைவிங் ஸ்கூல் கார்ல மாஸ்டர் காலுகிட்டயும் ஒரு பிரேக் இருக்குமே, அது மாதிரி. நீ சொதப்புனா அவரு சுவிட்சை விடுவாரு, பிளேன் அவரு கைக்குப் போயிரும். வெக்கமா இருக்கும்னா கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர் போட்டுப் பழகு. அதுல ஒடஞ்சா பசை செலவில்ல. பாக்க ஆளும் இல்ல. அதனாலதான் உனக்கு அது பிடிக்காது.

லிப்போவைப் பத்தி ஒரு வார்த்தை, இது வெளையாட்டு இல்ல. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல ஏத்தாத. கடைசிச் சொட்டு வரைக்கும் பறக்கவிடாத, கால்வாசி மிச்சம் இருக்கும்போதே எறக்கு. அப்பளமா உப்புன பேட்டரியைத் தூரப் போட்டுரு. சார்ஜ் போட்டுட்டுக் கடைக்குப் போகாத. அதுவும் உங்க அப்பத்தா பாய்க்குப் பக்கத்துல போட்டுராத, எனக்குக் காலையில காப்பி வேணும்.

என்ன மொறைக்கிறே? கெழவனுகளுக்கு இதெல்லாம் வராதுன்னா? மேனார்ட் ஹில்னு அமெரிக்காவுல ஒருத்தர். 77 வயசு, கண்ணு ஏறக்குறைய தெரியாது, காதும் மந்தம். பால்சா மரத்துல அஞ்சு கிலோ கனத்துல ஒரு பிளேன் செஞ்சு, 2003 ஆகஸ்டுல கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துல இருந்து விட்டாரு. அட்லாண்டிக்கைத் தாண்டி 38 மணி நேரத்துக்கு மேல பறந்து அயர்லாந்துல எறங்குச்சு. முன்னாடி அனுப்புனது ஒன்னுகூடப் போய்ச் சேரல. இதுல ஆளு கையி ரிமோட்டைத் தொட்டது, ஏறும்போதும் எறங்கும்போதுந்தான். நடுவுல சமுத்திரம் பூராவும் ஜிபிஎஸ் வெச்ச ஆட்டோபைலட்டு பாத்துக்கிச்சு. மனுசன் கை வெக்கல, பிளேன் போய்ச் சேந்துச்சு. நீ கண்மாய்க் கரையைத் தாண்டுறதுக்குள்ள அந்த ஸ்டிக்கை எத்தனை ஆட்டு ஆட்டுறே!

சுகோய் எங்கயும் ஓடிறாது, பரண்ல ஏத்தி வையி. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள சன்போர்டு ரெண்டு ஷீட்டு, 9 கிராம் சர்வோ நாலு வாங்கிட்டு வா. ரெக்கையை நான் வெட்டித் தர்றேன், நுனி தூக்கலா. பசைத் துப்பாக்கி பட்டறையில கெடக்கு. குச்சி மட்டும் தீந்துபோச்சு, அதையும் நீயே வாங்கிட்டு வந்துரு.