அடங்கலில் ஏறாத கோப்பு

டொனால்ட் க்னூத் 1978-இல் உருவாக்கிய டெக், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லாடெக் ஆகிய அச்சுக்கோப்பு மென்பொருள்கள் நம் வருவாய்த் துறையில் பயிற்சி பெற்றவையோ என்று ஐயப்பட இடமிருக்கிறது. ஒரு கூடுதல் தொகுப்பைக் கையால் நிறுவுவதையே பாருங்கள். 'ஐஎன்எஸ்' கோப்பை ஓட்டி, 'எஸ்டிஒய்' கோப்பைப் பிரித்தெடுத்து, உரிய அடைவில் கொண்டுபோய் வைத்த பிறகும் "கோப்பு இல்லை" என்றே பதில் வரும். வருவாய்த் துறையிலும் இதே கதைதான். பரமத்தி வேலூரில் காவிரித் தண்ணீரில் கொடிக்கால் தளதளவென்று நிற்கும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் ஏறாதவரை அரசுக்கு அங்கே வெற்றிலை இல்லை. டெக்கில் அடங்கலின், அதாவது கோப்புப் பதிவேட்டின், பெயர் 'எல்எஸ்-ஆர்'. அதைத் திருத்த 'எம்கேடெக்எல்எஸ்ஆர்' என்ற கட்டளையிடம் மனுப் போட வேண்டும்.

ஆயிரக்கணக்கான அடைவுகளை ஒவ்வொரு முறையும் துழாவினால் நேரமாகாதா, பதிவேடு வேகத்துக்காகத்தானே என்பார்கள். நியாயம்தான், வட்டுகள் மெதுவாகச் சுழன்ற காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் பதிவேட்டில் இல்லாததை உலகத்திலேயே இல்லை என்று சாதிப்பதற்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? டெக் லைவ் என்ற விநியோகத்தின் தொகுப்பு மேலாளர் 'டிஎல்எம்ஜிஆர்' எல்லாவற்றையும் தானே செய்துவிடுமே என்றால், அதன் களஞ்சியத்தில் இல்லாத தொகுப்புக்குத்தானே கைவேலையே வருகிறது! இத்தனைக்கும், டெக் லைவில் பயனரின் சொந்த 'டெக்எம்எஃப்' அடைவில் கோப்பை வைத்தால் பதிவேடே தேவையில்லை.