கட்டாந்தரைக் கட்சி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று ஊரிலும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்த மெத்தைக் கடையில் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல்; இல்லையென்றால் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிட்டயர்டு. சட்டைப் பையில் பேனா, பேன்ட் பையில் இஞ்ச் டேப், இரண்டடி பின்னால் மனைவி.

அவர் கட்டாந்தரைக் கட்சி. படுக்கை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு முதுகுக்கு நல்லது என்பது கொள்கை. ஆதாரம் கேட்டால், தாத்தா கோரைப் பாயில் படுத்தே தொண்ணூறு வயது வாழ்ந்ததைச் சொல்வார். கடைசிப் பத்து வருஷம் அந்தத் தாத்தா ‘இடுப்பு, இடுப்பு’ என்று முனகியதைச் சொல்லமாட்டார்.

அந்த அம்மாள் பஞ்சுக் கட்சி. ஒருக்களித்துப் படுக்கிறவர். கெட்டி மெத்தையில் தோளும் இடுப்பெலும்பும் அமுங்க இடமில்லாமல் குத்தும். காலையில் கை மரத்துப்போயிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லிவருகிறார், அவைக்குறிப்பில் ஏறவில்லை.

வீட்டில் இருப்பது கல்யாணச் சீரில் கட்டில், பீரோவோடு வந்து இறங்கிய இலவம்பஞ்சு மெத்தை. அதைக் குறை சொன்னால் மாமனாரைச் சொன்ன மாதிரி. “ஒரே மேடும் பள்ளமுமா இருக்கு” என்று இவர் ஆரம்பித்தால், “எங்கப்பா போட்டப்ப சமமாத்தான் இருந்துச்சு” என்று பதில் வரும். மொட்டை மாடியில் காயப்போட்டுத் தட்டியும், தெருவில் வந்த பஞ்சு அடிக்கிறவரிடம் கொடுத்து வாங்கியும் அதன் ஆயுளை நீட்டித்தார்கள். பஞ்சு அடிக்கிறவர் வருவது நின்றதும்தான் கடைக்குப் புறப்பாடு.

கடையில் நம்மவர் மெத்தையைத் தர்பூசணி மாதிரித் தட்டிப் பார்ப்பார். பிறகு கேள்வி.

“டென்சிட்டி எவ்ளோ?”

“நாப்பது சார்.”

திருப்தியாகத் தலையாட்டுவார். நாற்பது என்றால் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்று பொருள். அது எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கான கணக்கே தவிர, கெட்டியா மெத்தா என்பதற்கு இல்லை. கேட்டவருக்கும் இது தெரியாது, சொன்ன கடைப் பையனுக்கும் தெரியாது. கொரட்டூர்க்காரர் என்றால் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு: “மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்தா எத்தன நாள்ல காயும்?”

அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, பர்ஸும் செல்போனும் பாக்கெட்டில் இருக்க, சவாசனத்தில் அரை நிமிஷம் படுப்பார். அந்த அம்மாள் படுக்கமாட்டார். நாலு பேர் பார்க்கிற கடையில் எப்படிப் படுப்பது? ஓரமாக உட்கார்ந்து, உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தே முப்பதாயிரம் ரூபாய்ச் சாமானைத் தீர்மானிக்க வேண்டும்.

“மெமரி ஃபோம் பாருங்க சார், நாசா டெக்னாலஜி.”

பையன் சொல்வது பொய்யில்லை. 1966-ல் நாசாவின் ஆராய்ச்சியில், விமான இருக்கைக்காகப் பிறந்ததுதான் அது. உடம்புச் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு இடம் கொடுக்கும். அந்தச் சூட்டைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். “ஆவடி மே மாசத்துல நாசாக்காரன் படுத்திருக்கானா?” என்று நம்மவர் அதைத் தள்ளிவிடுவார்.

அடுத்து பாக்கெட் ஸ்பிரிங். ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருப்பதால் ஒரு பக்கத்து ஆட்டம் மறுபக்கத்துக்கு அவ்வளவாகப் போகாது. பையன் ஒரு டம்ளர் தண்ணீரை ஓரத்தில் வைத்துவிட்டு இந்தப் பக்கம் குதித்துக் காட்டுவான். டம்ளர் நிற்கும். அப்போதுதான் அந்த அம்மாள் முதல்முறையாக வாயைத் திறப்பார்: “ஏங்க, நீங்க செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தொப்புனு விழுவீங்களே, அதுக்கு இது ஆகும் போலிருக்கே.”

சிக்கல் வேறு இடத்தில். இவர் 88 கிலோ, அந்த அம்மாள் 52. இவர் அமுக்குகிற அமுக்கில் குழைகிற மெத்தை, அவருக்குப் பலகையாகத்தான் இருக்கும். பையனின் கடைசி அஸ்திரம், ‘டூயல் கம்ஃபர்ட்’. “ஒரு பக்கம் ஹார்டு, ஒரு பக்கம் சாஃப்ட் சார்!” இருவர் முகமும் மலரும். விசாரித்தால் அது வலப்பக்கம் இடப்பக்கம் இல்லை, மேல்பக்கம் கீழ்ப்பக்கம். யாராவது ஒருவர் கட்டிலுக்கு அடியில்தான் படுக்க வேண்டும்.

கல்லூரியில் படிக்கிற மகள் செல்போனை நீட்டுவாள். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது என்பது முடிவு.

“ஸ்பெயின்காரன் முதுகு வேற. அவன் சி.டி.எச். ரோட்ல டூ-வீலர் ஓட்டட்டும், அப்புறம் பேசலாம்.”

தீர்வு என்னமோ ரொம்ப நாளாகக் கடை மூலையில் சாய்ந்து நிற்கிறது. 72 அங்குலக் கட்டிலில் 36 அங்குல மெத்தை இரண்டு, ஆளுக்கொரு ரகம். உசரம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும். மேலே ஒரே பெட்ஷீட். இதைச் சொன்னதும் தம்பதி இருவரும் முதல்முறையாக ஒரே குரலில் பேசுவார்கள்: “அய்யய்யோ, யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?” முதுகு நொந்தால் தைலம் தேய்த்துக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் வாயில் எந்தத் தைலத்தைத் தேய்ப்பது?

நாலாவது கடையில் கால் வலித்த பிறகுதான் அதற்குச் சம்மதிப்பார்கள். எதிர்பார்த்தபடியே ஊரிலிருந்து அம்மா வருவார், பெட்ஷீட்டைத் தடவிப் பார்ப்பார். “ஏண்டா, நடுவுல கோடு விழுந்திருக்கு?”

நம்மவர் தயாராக இருப்பார். “1955-ல சோஷலிச மாதிரி சமுதாயம்னு காங்கிரஸ் தீர்மானம் போட்டது எங்க? நம்ம ஆவடியில. அதுக்கப்புறமும் கவர்மென்ட் கம்பெனியும் பிரைவேட் கம்பெனியும் ஒரே ஊர்ல இருந்துச்சா இல்லையா? ஒரே கட்டில், ரெண்டு துறை. அவ்ளோதாம்மா.”

அம்மாவுக்குப் புரியாது. “எது மெத்துனு இருக்கு?” என்று கேட்டு, மருமகள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வார்.

அம்மா ஊருக்குப் போன பிறகு ஒரு மத்தியானம், பேங்க்குக்குப் போன மனைவி சீக்கிரமே திரும்பி வருவார். கட்டாந்தரைக் கட்சியின் தலைவர் பஞ்சுப் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

“என்னங்க இது?”

“குவாலிட்டி செக் பண்றேன்” என்பார், கண்ணைத் திறக்காமல்.